கண்மாய்க்கு வாங்கிய ஒலிப்பதிவுக் கருவி

மழை பொய்த்த ஓர் ஐப்பசியின் நடுவில், வானத்தில் துண்டு மேகமும் இல்லாத செவ்வாய்க்கிழமைக் காலையில், கொற்றவனேந்தல் கண்மாய்க்குத் தண்ணீர் வராமல் தண்ணீரின் சத்தம் மட்டும் வந்து சேர்ந்தது. வடக்கேயிருந்து வரத்துக்கால் வழியாக, முறைப்படி, தடம் மாறாமல், சீமைக்கருவேல முட்களை உரசிக்கொண்டு முதலில் சலசலப்பாகவும் பிறகு இரைச்சலாகவும் அது வந்தது. உச்சிப்பொழுதுக்குள் கரைக் கற்களில் அலை மோதும் நிதானமான ஒலியாக ஏறி, மிகை நீர் வழியும் கலிங்கின் விளிம்புக்கு ஒரு முழம் கீழே வந்து நிலைத்து நின்றது. கண்மாய்க்குள்ளே எப்போதும்போல வெடித்த மண்ணும், வெயிலில் தலையாட்டும் ஓணான்களும், போன தேர்தலில் யாரோ நட்டுவிட்டுப் போன கொடிக்கம்பமுமே இருந்தன.

ஊர் மலைத்து நிற்கவில்லை. குடத்தோடு இறங்கிய பெண்கள் காலிக் குடத்தோடு கரையேறி, குடத்தின் வாயில் காதை வைத்துப் பார்த்து, உள்ளே ததும்புவது கேட்டதும் சிந்திவிடாமல் இடுப்பில் ஏந்திக்கொண்டு வீடு போனார்கள். எருமைகள் புழுதிக்குள் இறங்கி மூக்கை மட்டும் உயர்த்திக்கொண்டு, கண் செருக, பொழுது சாயும்வரை படுத்துக் கிடந்தன. குறுக்கே நடந்து பக்கத்து ஊருக்குப் போகிற ஆண்கள் வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினார்கள், பெண்கள் சேலையை ஏற்றிச் செருகினார்கள், செருப்பு எல்லோர் கையிலும் இருந்தது. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை, காது கேட்டதைக் கால் நம்பியது, அவ்வளவுதான்.

வந்தது எதுவானாலும் அதற்கொரு முறை வேண்டும் என்பதே அந்த ஊரின் கவலை. மடையைத் திறப்பதும் அடைப்பதும் சாத்தையாவின் பொறுப்பு. எந்த வயலுக்கு எப்போது பாய வேண்டும் என்ற வரிசை அவருடைய நாக்கில் இருந்தது, மடை திறக்கும்போது அந்த வரிசைப்படி வயற்காரர்களின் பெயரை உரக்கக் கூப்பிடுவதும் அவருடைய வேலை. பல வருஷங்களாகக் கூப்பிடாத பெயர்களை அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டு மடைப்பலகையைத் தூக்கியபோது, சத்தம் மடைவாயில் நெருக்கி, திமிறி, வாய்க்காலில் விழுந்து ஓடிற்று. பிறகு வழக்கமான சண்டைகள் வந்தன. தலைமடைக்காரர்கள் பங்குக்கு மேல் சத்தத்தை வைத்துக்கொள்கிறார்கள் என்று கடைமடைக்காரர்கள் குற்றம் சாட்டினார்கள். வரப்பை யாரோ வெட்டிவிட்டதாக இரண்டு பங்காளிகள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவர்கள் போன் போட்டுத் தங்கள் முறை தவறிவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி சொன்னார்கள். வயல்களில் ஒரு புல்லும் முளைக்கவில்லை. முளைக்கும் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் தண்ணீருக்குச் சண்டை போடுகிற ஊர் தரிசு ஊர் ஆகாது என்பதில் எல்லோருக்கும் ஒரு நிமிர்வு வந்திருந்தது.

அப்போதுதான் கண்மாய்க்கரை ஆலமரத்தில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. நெடுங்காலமாக நீர் நிற்காத காரணத்தால் கொற்றவனேந்தல் கண்மாயை நீர்நிலைக் கணக்கிலிருந்து நீக்கி, சூரிய மின்தகடுகள் பதிக்க ஒரு கம்பெனிக்குக் கொடுக்க உத்தேசம். ஆட்சேபம் உள்ளவர்கள் விசாரணை அதிகாரியிடம் தெரிவிக்கலாம். நீக்கிவிட்டால் வரத்துக்காலை மூடிவிடுவார்கள், மழை பெய்கிற வருஷத்திலும் இனித் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பாது என்று ஊருக்குப் புரிந்தது.

விசாரணை அதிகாரி நேர்மையான பெண்மணி. ஜீப்பில் வந்து இறங்கி, கரைமேல் ஏறி, காது கொடுத்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டதை ஊர் முழுவதும் பார்த்தது.

"என் காதுக்கு இது கண்மாய்தான்" என்றார் அவர். "ஆனா நான் கேட்டது ஃபைல்ல ஏறாது. அந்தக் கம்பெனி இன்ஜினியர் பக்கம் பக்கமா எழுதிக் குடுத்திருக்கார். இங்க தண்ணி இல்லங்கிறதுக்கு போட்டோ வச்சிருக்கார். நீங்க என்ன வச்சிருக்கீங்க?"

"சத்தம் இருக்கே தாயி" என்றார் சாத்தையா.

"ஃபைலுக்குக் காது இல்லீங்க பெரியவரே. விசாரணை அன்னைக்கு அந்தச் சத்தத்த என் மேசைக்குக் கொண்டு வாங்க. நான் பதிவு பண்ணிக்கிறேன்."

ஊரில் இருந்த போன்கள் எல்லாம் அன்றைக்கே கண்மாய்க்குள் இறங்கின. ஒவ்வொன்றிலும் இரண்டு நொடிக்குத் தண்ணீர் கேட்டது, பிறகு தேய்ந்து மறைந்தது. 'டேய் தள்ளி நில்லுடா' என்று யாரோ சொன்னது மட்டும் கண்ணாடிபோலத் தெளிவாக விழுந்திருந்தது. மனிதப் பேச்சைத் தவிர இடைவிடாமல் கேட்கிற எதுவும் குப்பை என்று அந்தப் போன்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆகவே ஊர் கூடி, பொதுவில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி வாங்குவது என்று முடிவு செய்து, சண்முகவடிவைப் பார்த்தது.

வடிவு ஒலிபெருக்கி நிலையம் என்ற பெயரில் கடைவீதியில் கடை வைத்திருந்தவள் அவள். சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோவில் கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவளுடைய குழாய் ரேடியோதான் பனைமர உச்சியில் ஏறும். அவள் கை வைத்த ஆம்ப்ளிஃபயர் ஊளையிட்டதில்லை. திருகுக் குமிழை இத்தனைக்கு இவ்வளவு என்று விரல் நுனியால் அறிந்து வைத்திருந்தாள். அமைச்சரின் கரகரப்பையும் ஓதுவாரின் மெல்லிய குரலையும் ஒரே மேடையில் ஒரே அளவாகத் தூக்கி நிறுத்துவாள். சத்தத்தை வெளியே எறிந்தே பிழைத்தவள், உள்ளே வாங்கிப் பழக்கமில்லாதவள். ஆனால் அதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. சத்தம் சம்பந்தமாக ஊர் வேறு ஒருவரைக் கேட்டிருந்தால் அவள் கடையை இழுத்துப் பூட்டியிருப்பாள்.

பொதுவில் எதை வாங்கினாலும், கோவில் மாடானாலும் சரி, சமையல் அண்டாவானாலும் சரி, தலைமடையிலிருந்து ஒருவர், கடைமடையிலிருந்து ஒருவர், பொருள் அறிந்தவர் ஒருவர் என்று மூன்று பேர் போவது அங்கே வழக்கம். தலைமடைக்குச் சாத்தையா. கடைமடைக்கு முத்துராக்கு, அவளுடைய குலவைச் சத்தத்துக்கு அடுத்த ஊர் நாய்கள் பதில் கொடுக்கும். மூவரும் மதுரைக்குப் பஸ் ஏறினார்கள், ஏறும்போதே முத்துராக்கு ஜன்னலோர இடத்துக்காகக் கண்டக்டரோடு சண்டை போட்டாள், போகிற வழி முழுவதும் வடிவு விசேஷ வீட்டுக்குப் போகிறவளைப்போலச் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே வந்தாள்.

கடைக்காரர் ஜெபராஜ் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"எத ரெக்கார்டு பண்ணப் போறீங்கக்கா? பேட்டியா, பாட்டா, பறவையா? அதச் சொன்னாத்தான் எதக் காட்டுறதுன்னு தெரியும்."

"கண்மாய்" என்றாள் வடிவு.

"தண்ணிக்குப் பக்கத்துல வைக்கணும். அப்போ ஈரம் படாத மாதிரி..."

"தண்ணி இல்ல. சத்தம் மட்டும்தான்."

எடுத்த பிளாஸ்டிக் உறையை ஜெபராஜ் திரும்ப வைத்தார். "அப்ப நல்லதாப் போச்சு, ஈரத்தப் பத்திக் கவல வேண்டாம். காத்து அடிக்குமா?"

"கரைமேல நிக்க முடியாது."

"அப்போ ரோமக் குல்லா ஒண்ணு கண்டிப்பா வேணும்" என்று சொல்லிவிட்டு, அவர் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். பேனா அளவிலான ஒன்று: பேச்சுக்கு ஏற்றது, இரைச்சலைத் தானாக நீக்கிவிடும். "வேண்டாம், இத்தனை நாளும் எங்க போன் அதத்தான் பண்ணிச்சு" என்று வடிவு அதைத் தள்ளி வைத்தாள். தோளில் மாட்டிக்கொள்ளும் பெட்டி ஒன்று: தனித்தனி மைக்குகளை வயர் போட்டு இணைக்கலாம், சினிமாக்காரர்கள் வாங்குவது. சாத்தையா அதைத் தூக்கிப் பார்த்து, மாட்டைத் தட்டுவதுபோல முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "இது உழவு மாடு. நமக்கு வண்டி மாடு போதும்" என்றார். உள்ளங்கையில் அடங்கும் ஒன்று: முன்னால் இரண்டு மைக்குகள் வண்டின் கொம்புபோலக் குறுக்காக நின்றன, பக்கவாட்டில் ஒரு திருகுக் குமிழ். கடைசியாக ஒன்று: அதே அளவு, அதே கொம்புகள், ஆனால் குமிழே கிடையாது.

"இதுல எங்கப்பா திருகு?" என்றாள் வடிவு.

"இதுக்குத் திருகு வேண்டாங்கா. முப்பத்திரண்டு பிட் ஃப்ளோட்டுன்னு சொல்றது. உள்ளுக்குள்ள ரெண்டு காது மாதிரி. ஒண்ணு எறும்பு ஊர்றதக் கேக்கும், ஒண்ணு வேட்டுச் சத்தத்தத் தாங்கும். ரெண்டையும் சேத்து எழுதி வச்சிடும். கூட்டுறது குறைக்கிறதெல்லாம் அப்புறமா வீட்ல உக்காந்து பாத்துக்கலாம்."

"அப்ப ரெக்கார்டு ஆகையில நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்."

இந்தப் பதில் அவளுக்கு இறங்கவில்லை. கைக்கு வேலை கொடுக்காத கருவியை அவள் நம்பத் தயாராக இல்லை. "ஹலோ, மைக் டெஸ்ட்" என்று ஒவ்வொன்றிலும் வாயருகே வைத்துச் சொல்லிப் பார்க்கப் போனாள். ஜெபராஜ் தடுத்து, ஹெட்போனை அவள் காதில் மாட்டி, கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

"பேசாதீங்கக்கா. சும்மா இருக்கறப்போ என்ன கேக்குதுன்னு பாருங்க. ஒவ்வொரு மெஷினுக்கும் சொந்தமா ஒரு மூச்சு இருக்கு. உங்க கண்மாய் மெதுவாப் பேசுற கண்மாய்னா, இதோட மூச்சு அத முழுங்கிடும்."

வடிவு கேட்டாள். பேனாவில் மூச்சு அல்ல, ஆஸ்துமாவே இருந்தது. குமிழ் வைத்ததில் அது உமி தூற்றும் மெல்லிய காற்றுபோல வீசியது. குமிழ் இல்லாததில், காதைத் தீட்டிக் கேட்டால் மட்டும், எங்கோ தொலைவில் யாரோ பட்டுப்புடவையை மடிப்பதுபோல. வித்தியாசம் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் குமிழ் வைத்ததையே எடுத்தாள்.

"அந்தத் திருகு இல்லாதது நல்லாத்தான இருக்கு மதினி" என்று முத்துராக்கு ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"திருகு இல்லாத மெஷின வாங்கிட்டுப் போயி ஊருக்கு நடுவுல நான் கையப் பெசஞ்சிக்கிட்டு நிக்கணுமா? நீ குலவை போடுறதோட நிறுத்திக்க ராக்கு."

கருவி ஊருக்குள் மேளத்தோடு நுழைந்தது, பொதுவில் வாங்கிய எதுவும் மேளமில்லாமல் அந்த ஊர் எல்லையைத் தாண்டியது கிடையாது. அதன் தலையில் கவிழ்த்த சாம்பல் நிற ரோமக் குல்லாவைக் குழந்தைகள் வரிசையில் நின்று தடவிக் கொடுத்தன. சாத்தையாவின் வெள்ளாடு ஒன்று அதைத் தன் குட்டி என்று கொண்டு, பின்னாலேயே கத்திக்கொண்டு கண்மாய்வரை வந்தது.

முதல் பதிவுக்கு ஊரே கரையில் கூடியது. வடிவு மடைவாய்க்கு எதிரே கருவியை மூங்கில் முக்காலியில் நிறுத்தி, ஹெட்போனை மாட்டி, திருகை நுணுக்கமாக ஏற்றி, அலையின் ஓரச் சிணுங்கலைக்கூடப் பிடிக்கும் இடத்தில் நிறுத்தினாள். சாத்தையா முதல் பெயரைக் கூப்பிட்டுப் பலகையைத் தூக்கினார். புதுத் தண்ணீர் புதுப் பாத்திரத்தில் விழும்போது குலவை போடாமலிருப்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாத காரியம். முத்துராக்கு முதலில் எழுப்பினாள், மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு வடிவு காதைப் பொத்திக்கொண்டாள். திரும்பப் போட்டுக் கேட்டபோது தண்ணீர் இருந்தது, பிறகு தகரத்தைக் கிழித்ததுபோல ஒரு கரகரப்பு இருந்தது, வேறு எதுவும் இல்லை.

"யாரடி உங்களக் குலவை போடச் சொன்னது?"

"யாரும் சொல்லணுமா மதினி? புதுப் பானையில மொதத் தண்ணி விழுது. வாயத் தச்சிக்கிட்டு நிக்க இது என்ன எழவு வீடா?"

மறுநாள் வடிவு குலவைக்கு ஏற்றபடி திருகை இறக்கி வைத்தாள். குலவை மணிமணியாக விழுந்தது. தண்ணீர் கருவியின் சொந்த மூச்சுக்கு அடியில் மூழ்கிப்போனது. அதற்கும் மறுநாள் ஊர்க்கூட்டம் போட்டுக் கெஞ்சி, அதட்டி, முத்துராக்குவின் வாயில் வெற்றிலையை அடைத்துக் குலவையை நிறுத்தினாள். சாத்தையா பெயரைக் கூப்பிட்டார், பலகையைத் தூக்கினார், எல்லோருக்கும் சத்தம் கேட்டது. ஹெட்போனுக்குள் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. திருகை முழுவதும் ஏற்றினாள். ஆடு கத்துவது வந்தது, யாருடைய வளையலோ குலுங்குவது வந்தது, தண்ணீர் வரவில்லை. கருவியின் வாசல்வரை வந்து, உள்ளே நுழையாமல், சுற்றிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனது.

"மரியாத இல்லாத எடத்துக்குள்ள அது எதுக்குத்தா வரணும்" என்றார் சாத்தையா, கோபம் இல்லாமல். "நாளைக் கழிச்சு விசாரணை. திருகுறதுக்கு நீ இருக்க, வர்றதுக்கு அது இருக்க வேண்டாமா?"

அன்று பிற்பகல் வடிவு தன் கடையில் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்து, அதன் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். குலவையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே எந்த விரலும் அத்தனை வேகமாகத் திரும்பாது. மேடையில் அமைச்சர் முடித்துத்தான் ஓதுவார் தொடங்குவார். இங்கே இருவரும் ஒரே மூச்சில் பாடுகிறார்கள். கண்மாய் போனால் அவள் தேர்ந்தெடுத்த கருவியால் போயிற்று என்றுதான் ஊர் சொல்லும், சொல்வதும் சரியாகத்தான் இருக்கும். மதுரையில் குமிழ் இல்லாத கருவியின் மூச்சு தன் காதில் பட்டபோதே உண்மை தெரிந்துவிட்டது, கைதான் அதை எடுக்கவில்லை. அவள் எழுந்தாள். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு அவள் போனபோது அங்கே சாத்தையாவும் முத்துராக்குவும் பையோடு நின்றிருந்தார்கள்.

"தனியா மாத்திட்டு வந்தா செல்லாது மதினி" என்றாள் முத்துராக்கு. "மூணு பேரு போகணும். மொற."

ஜெபராஜ் பழைய கருவியை வாங்கிப் பார்த்தார். உடலெல்லாம் புழுதி, ரோமக் குல்லாவில் ஆட்டின் எச்சில்.

"என்னக்கா, திருகு கழண்டு போச்சா?"

"திருகு நல்லாத்தான் இருக்கு" என்றாள் வடிவு. "மத்தத எடுங்க."

அவர் சிரிக்கவில்லை. குமிழ் இல்லாததை எடுத்து, மின்கலம் போட்டு, நினைவட்டை செருகி, குல்லாவைத் துடைத்து மாற்றிக் கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பெரிய சங்கடத்தோடு கேட்டாள்: "ஓடும்போது நான் கைய என்னதான் பண்றது?"

"கட்டிக்கிட்டு நில்லுங்கக்கா. பொதுவா எல்லாரும் மொதத் தடவ அப்படித்தான் நிக்கிறாங்க."

விசாரணைக்கு முந்தின காலை, வெயில் ஏறுவதற்குள், கொற்றவனேந்தல் முழுவதும் கரையில் நின்றது. திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்தவர்கள் நின்றார்கள், சட்டையைப் பிடித்துக்கொண்ட பங்காளிகள் அருகருகே நின்றார்கள், எருமைகள் உள்ளே கிடந்தன, சத்தத்தை நம்பி வந்திறங்கிய கொக்குகளும் ஓரமாக நின்றன. கருவி மீண்டும் மேளத்தோடு வந்தது, ஊர் இதை அவசியமென்றே கருதியது. வடிவு சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டாள். விரல்கள் தன்னியல்பாக இல்லாத குமிழைத் தேடி அசைந்தன. அவற்றைக் கக்கத்துக்குள் அழுத்தி வைத்தாள்.

சாத்தையா பெயரைக் கூப்பிட்டார். பலகை எழுந்தது. குலவை கிளம்பி, கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடித் திரும்பி, அதன் அடியில், அதைத் தாங்கிக்கொண்டு, தண்ணீர் உள்ளே வந்தது. ஹெட்போனுக்குள் அது வந்து விழுந்தபோது வடிவின் உள்ளங்கால் குளிர்ந்தது. கருவியின் சிறிய திரையில் ஒலிக்கோடுகளைப் பார்த்தாள்: தண்ணீர் அறுகம்புல்போல அடர்த்தியாக, பச்சையாக, தரையோடு ஓடிக்கொண்டிருந்தது, அதன்மேல் குலவை பனைமரங்கள்போல நெடுநெடுவென்று எழுந்து எழுந்து நின்றது, பனை வளைந்து முறியவில்லை, புல் நசுங்கவில்லை. சாத்தையா வரிசைப்படி பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே போக, ஒவ்வொரு பெயருக்கும் சத்தம் திசை மாறி, இடமிருந்து வலமாக, வயல் வயலாகப் போவது அந்த இரண்டு கொம்புகளுக்கும் தெரிந்தது. அவளுக்கு ஓட வேண்டும்போல இருந்தது, கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினாலும் கருவி தாங்கும் என்று நினைவு வந்தவுடன், பிறந்தது முதல் ஒலிபெருக்கிக்குப் பின்னாலேயே நின்று பழகிய சண்முகவடிவு வாயைத் திறந்து, நாக்கைச் சுழற்றி, தன் வாழ்நாளின் முதல் குலவையைப் போட்டாள். அது நன்றாக வரவில்லை. அதுவும் பதிவானது.

விசாரணை மாவட்டத் தலைநகரில், பழைய கட்டடத்தின் மாடியில் நடந்தது. மேசைக்குப் பின்னால் அதிகாரி; சுவரோரம் கோப்புகள் தரைவரை அடுக்கிய அலமாரி, அதன் பக்கத்தில் ஓர் எழுத்தர்; எதிரே கம்பெனியின் பொறியாளர், இஸ்திரி போட்ட கால்சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக. அவர் அதுவரை கண்மாய்க்கு வந்ததேயில்லை. போட்டோக்களை ஆள் அனுப்பி எடுத்திருந்தார்.

"மேடம், இது வீண் வேலை" என்றார் அவர். "தண்ணிச் சத்தம் எந்தக் குழாயைத் திறந்தாலும் வரும். எங்க பிடிச்சாங்களோ யாருக்குத் தெரியும்? நீர்நிலைன்னா நீர் நிக்கணும். இதுதான் சட்டம், இதுதான் சயின்ஸ்."

"கேட்டுட்டுப் பேசலாம் சார்" என்றார் அதிகாரி. "போடுங்கம்மா."

வடிவு தன் கடையின் நல்ல பெட்டி ஸ்பீக்கர் இரண்டைத் தரையில் வைத்து, கருவியை இணைத்து, ஓடவிட்டாள்.

சாத்தையாவின் குரல் முதல் பெயரைக் கூப்பிட்டது. குலவை எழுந்து கூரை ஓட்டைத் தொட்டது. மடை திறந்தது. பொறியாளர் நிறுத்தவில்லை; குரலை உயர்த்தி, ஆவியாதல் பற்றியும் மண்ணின் ஊடுருவும் தன்மை பற்றியும் ஆண்டுச் சராசரி மழையளவு பற்றியும், விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே போனார். சத்தம் ஸ்பீக்கரிலிருந்து தரையில் இறங்கி, மேசைக் கால்களைச் சுற்றி, அறையின் மூலைகளை நிரப்பி, கணுக்காலுக்கு ஏறியது. எழுத்தர் எழுந்து, அலமாரியின் அடித்தட்டிலிருந்த கோப்புகளை அள்ளி மேல்தட்டில் வைத்தார். அதிகாரி நாற்காலியின் குறுக்குச் சட்டத்தின் மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டார். பொறியாளரின் பேச்சு மட்டும் ஓயவில்லை.

"ஆகவே மேடம், அறிவியல்படியும் நேரடி ஆய்வுப்படியும் அங்க ஒரு சொட்டு நீர்கூட இல்லைன்னு நான் உறுதியாச் சொல்றேன்."

அதிகாரி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "சரி சார். ஷூவை எதுக்குக் கழட்டினீங்க?"

பொறியாளர் குனிந்து பார்த்தார். கால்சட்டையின் இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேலே சுருட்டப்பட்டிருந்தன. ஷூக்கள், உள்ளே காலுறைகள் செருகிய நிலையில், நனையாத உயரத்தில் அவருடைய இடது கையில் இருந்தன. அவற்றைக் கீழே வைக்க அவரால் முடியவில்லை, தரையெங்கும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"போதும்மா, நிறுத்திடுங்க" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார். "எனக்கு வேண்டியது கிடைச்சாச்சு."

வடிவு கையை நீட்டினாள். அதற்குள் முத்துராக்கு நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள்.

"நிறுத்தக் கூடாது தாயி. இப்பத்தான் நடுவயலுக்குப் போயிருக்கு. கடைமட இன்னும் பாயல."

"இது ரெக்கார்டுதானம்மா."

"இருக்கட்டும். தெறந்த மடைய மொற முடியாம அடைக்கிற பழக்கம் எங்க ஊர்ல இல்ல. அப்படி அடைச்சா நாளைக்கு எங்க ஆளுக இவர உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க" என்று சாத்தையாவைக் காட்டினாள். சாத்தையா தலையை ஆட்டினார்.

அதிகாரி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, காலைச் சட்டத்தின் மேலேயே வைத்துக்கொண்டு, காத்திருந்தார். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. சத்தம் அறையின் குறுக்கே, எழுத்தரின் மேசையைக் கடந்து, ஜன்னலோரமாக, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து போனது. ஷூவை ஏந்திய பொறியாளர் அதன் நடுவில், வரப்பில் அகப்பட்ட வெளியூர்க்காரர்போல, ஒதுங்க இடம் தெரியாமல் நின்றார். கடைசிப் பெயர் முத்துராக்குவினுடையது. அது கூப்பிடப்பட்டபோது சத்தம் மெலிந்து, தயங்கி, வாசற்படியருகே இருந்த மூலைக்கு வந்து, மண் உறிஞ்சுவதுபோல ஒரு சின்ன ஒலியோடு அடங்கியது. அதன் பின்னால், எல்லாம் ஓய்ந்த பிறகு, வடிவின் சரியாக வராத குலவையின் கடைசித் துண்டு கேட்டது.

அதிகாரி காலை இறக்கித் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கோப்பில் எழுதினார். கொற்றவனேந்தல் கண்மாய் நீர்நிலை; நீக்குவதற்கில்லை.

அவர்கள் ஊருக்குத் திரும்பியபோது பஸ் நிறுத்தத்தில் மேளம் காத்திருந்தது, ஆடு காத்திருந்தது, ஊரும் காத்திருந்தது. தீர்ப்பு என்ன என்று யாரும் கேட்கவில்லை. கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து, கடைமடைக்காரர்களில் ஒருவர்தான் முதலில் குரல் கொடுத்தார்.

"வடிவு, கடைசி வரைக்கும் பாஞ்சுச்சா?"

வடிவு படியிலிருந்து இறங்கி, கருவியைச் சாத்தையாவின் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு நின்றாள்.

"பாஞ்சுச்சு" என்றாள்.